தரையில் விழுந்த பிளவு: டொரிஸ் சல்செடோவின் 'ஷிபோலேத்'

லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் இருக்கும் டேட் மொடர்ன் அருங்காட்சியகம் முன்னர் ஒரு மின் நிலையம். மின்பிறப்பாக்கிகள் நின்ற பெருமண்டபத்தை 'டேர்பைன் மண்டபம்' என்ற பழைய பெயரிலேயே இன்றும் அழைக்கிறார்கள். 155 மீற்றர் நீளம், ஐந்து மாடி உயரம். மேற்கு வாசலால் வருபவர்கள் அகன்ற சாய்தளம் ஒன்றில் இறங்கி அதற்குள் போகவேண்டும்.

2007 ஒக்டோபர் 9ஆம் திகதி முதல் அப்படி இறங்கியவர்களுக்கு மண்டபம் வெறுமையாகவே தெரிந்தது. சிலை இல்லை, திரை இல்லை, விசேட ஒளியோ ஒலியோ இல்லை. குனிந்து பார்த்தவர்களுக்குத்தான் வாசலுக்கு அருகே தரையில் தலைமயிர் அளவில் ஒரு கீறல் தெரிந்தது. புதுச் சீமெந்துத் தரையில் வெயிலுக்கு விழும் வெடிப்பைப் போன்ற ஒன்று. அதைப் பின்தொடர்ந்து நடந்தால் அது வளைந்தது, கிளை விட்டது, அகன்றது. சில இடங்களில் ஒருவரின் கால் உள்ளே போகும் அளவுக்கு வாய்பிளந்தது. மண்டபத்தின் மறுமுனை நோக்கிச் சென்ற அதன் மொத்த நீளம் 167 மீற்றர். நேராக ஓடாததால் மண்டபத்தை விட அது நீளமாக இருந்தது.

கண்காட்சி என்று அங்கே இருந்தது அவ்வளவுதான். கொலம்பியாவைச் சேர்ந்த டொரிஸ் சல்செடோ அதற்கு 'ஷிபோலேத்' என்று பெயர் வைத்தார்.

பார்வையாளரை உள்ளே அமிழ்த்தும் கண்காட்சி என்று இப்போது விளம்பரப்படுத்தப்படுவது வேறு. வான்கோவின் ஓவியங்களை நான்கு சுவரிலும் பெரிதாக்கி ஓடவிட்டு, இசை போட்டு, நுழைவுச்சீட்டு விற்கிறார்கள். அதில் பார்வையாளர் மிதக்கிறார், மறக்கிறார். சல்செடோ அதற்கு எதிர்த்திசையில் போனார். அவருடைய கண்காட்சியில் பார்வையாளர் தான் எங்கே கால் வைக்கிறார் என்று ஒவ்வொரு அடியிலும் பார்க்கவேண்டியிருந்தது. படைப்புக்கு வெளியே நின்று அதைப் பார்க்க இடமில்லை. பிளவின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நின்றாக வேண்டும்.

சொல்லால் ஆள் பிரித்தல்

பெயர் விவிலியத்திலிருந்து வருகிறது. நியாயாதிபதிகள் நூலின் 12ஆம் அதிகாரத்தில் கீலேயாத்தியரும் எப்பிராயீமியரும் போரிடுகிறார்கள். தோற்ற எப்பிராயீமியர் யோர்தான் ஆற்றைக் கடந்து தப்பப் பார்க்கிறார்கள். துறைகளைப் பிடித்து வைத்திருந்த கீலேயாத்தியர், கடக்க வருபவரை மறித்து 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொல்கிறார்கள். எப்பிராயீமியருக்கு அந்த 'ஷ' வராது, 'சிபோலேத்' என்பார்கள். அப்படிச் சொன்னவர்களைப் பிடித்து அங்கேயே வெட்டினார்கள். 42,000 பேர் கொல்லப்பட்டதாக அந்நூல் கணக்குச் சொல்கிறது. சொல்லின் பொருள் கதிர் என்றும் நீரோட்டம் என்றும் சொல்லப்படுவதுண்டு. ஆனால் ஆற்றங்கரையில் யாருக்கும் பொருள் தேவைப்படவில்லை.

தமிழ் விவிலியம் இந்த வேறுபாட்டைக் கிரந்த எழுத்தின் உதவியுடன்தான் காட்டுகிறது. 'ஷ' இல்லாவிட்டால் அந்தக் கதையைத் தமிழில் எழுதியே இருக்க முடியாது.

இலங்கைத் தமிழருக்கு இது வேதக்கதை மட்டுமல்ல. 1983 ஜூலையில் வீதிகளில் வாகனங்களை மறித்த கும்பல்கள், உள்ளே இருப்பவர் தமிழரா என்று அறிய, வாளிக்கான சிங்களச் சொல்லைச் சொல்லும்படி கேட்டன. 'பால்திய' என்ற அந்தச் சொல்லின் முதல் ஒலி, 'பஸ்' என்று சொல்லும்போது வருவதைப் போல அதிர்ந்து வரவேண்டும். தமிழ்ச் சொற்கள் அந்த ஒலியில் தொடங்குவதில்லை. 'வாளி'யில் பழகிய நாக்கு 'வால்திய' என்று சொன்னால் ஆள் அகப்பட்டார். கிணற்றடியில் கிடக்கும் ஒரு பொருளின் பெயரில் உயிர் தங்கியிருந்தது. அந்த ஒலி வேறுபாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிக்காட்டவும் முடியாது. இந்தக் கட்டுரையிலும் முடியவில்லை.

உலகில் வேறு இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 1937இல் டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகாரி ருஹீயோவின் படையினர் ஹெயிட்டியர்களை ஆயிரக்கணக்கில் கொன்றபோது, 'பெரெஹில்' என்ற ஸ்பானியச் சொல்லை உச்சரிக்கச் சொல்லி ஆள் பிரித்ததாகச் சொல்லப்படுகிறது. அது சமையலுக்குப் போடும் ஓர் இலையின் பெயர். கத்தி இல்லாத வடிவம் ஒன்றும் உண்டு. 1990கள் தொட்டு ஐரோப்பிய நாடுகள் பல, அகதி விண்ணப்பதாரரின் பேச்சை ஒலிப்பதிவு செய்து, உச்சரிப்பைக் கொண்டு அவர் சொல்லும் ஊர் உண்மைதானா என்று ஆராய்கின்றன. நெதர்லாந்தில் இவ்வாறு நிராகரிக்கப்பட்ட சோமாலியர்களின் குரல்களைக் கொண்டு லோரன்ஸ் அபு ஹம்டான் என்ற கலைஞர் 2012இல் தனியாக ஒரு படைப்பே செய்தார். நாற்பது வயதுக்குள் நான்கு முகாம்களில் வாழ்ந்த ஒருவரின் நாக்கில் நான்கு ஊர்களும் இருக்கும் என்பதை அந்தப் பரிசோதனை எப்படிக் கணக்கில் எடுக்கும் என்பதே அங்கு எழுந்த கேள்வி.

சல்செடோ அந்தச் சொல்லைத் தேர்ந்ததற்குக் காரணம் இதுதான். தன் படைப்பு எல்லைகளைப் பற்றியது, புலம்பெயர்ந்து வருபவரின் அனுபவத்தைப் பற்றியது, இன ஒதுக்கலைப் பற்றியது, மூன்றாம் உலகத்திலிருந்து ஐரோப்பாவின் நடுவே வந்து நிற்கும் ஒருவரின் நிலையைப் பற்றியது என்று அவர் அப்போது விளக்கினார். ஐரோப்பிய நவீனத்துவத்தின் வரலாறும் நிறவெறியின் வரலாறும் பக்கம் பக்கமாக ஓடுபவை, ஆனால் முதலாவதற்கு மட்டுமே அருங்காட்சியகங்கள் உண்டு என்பது அவரது வாதத்தின் சாரம். எனவே அவர் மண்டபத்துக்குள் எதையும் கொண்டுவந்து வைக்கவில்லை. அருங்காட்சியகம் நிற்கும் தரையையே பிளந்தார்.

பிளவின் உள்ளே எட்டிப் பார்த்தால் இன்னொன்று தெரியும். அதன் இரு பக்கச் சுவர்களும் கொங்கிறீற்றால் வார்க்கப்பட்டவை, அந்தக் கொங்கிறீற்றுக்குள் கம்பிவலை புதைந்திருந்தது. வீட்டு வளவுக்கும் முகாமுக்கும் நாட்டு எல்லைக்கும் அடிக்கும் அதே வகை வலை. இயற்கையான வெடிப்பில் கம்பிவலை இருக்காது. இது நிலநடுக்கத்தில் விழுந்ததல்ல, மனிதர் திட்டமிட்டுச் செய்தது என்று சொல்லும் ஒரே சான்று அதுதான். பெரும்பாலானோர் அதைக் கவனிக்காமலே தாண்டிப் போயிருக்கலாம்.

எப்படிச் செய்தீர்கள், தரையை உண்மையிலேயே உடைத்தீர்களா என்று செய்தியாளர்கள் மீண்டும் மீண்டும் கேட்டனர். அவர் பதில் சொல்ல மறுத்தார். ஆழம் எவ்வளவு என்ற கேள்விக்கும் மீற்றரில் விடை தராமல், மனிதகுலம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு என்ற பொருளில்தான் பேசினார். கொஞ்சம் நாடகத்தனமான பதில்தான். ஆனால் தொழில்நுட்பத்தைப் பற்றிய பேச்சு மற்றதையெல்லாம் மூடிவிடும் என்று அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. அந்த வருட இறுதியில் பத்திரிகைகளில் அதிகம் எழுதப்பட்டதும் அதைப் பற்றித்தான்.

கதிரைகளிலிருந்து தரைக்கு

சல்செடோ 1958இல் பொகோட்டாவில் பிறந்தவர். அங்கும் பின்னர் நியூயோர்க்கிலும் கலை படித்து, 1980களின் நடுப்பகுதியில் நாடு திரும்பினார். அவர் திரும்பிய காலத்தில், 1985 நவம்பர் 6ஆம் திகதி, எம்-19 என்ற கெரில்லா இயக்கம் பொகோட்டாவின் நீதி மாளிகையைக் கைப்பற்றியது. இராணுவம் கவசவாகனங்களுடன் உள்ளே புகுந்தது, கட்டடம் எரிந்தது. உயர் நீதிமன்ற நீதியரசர்கள் உட்பட நூறு பேரளவில் இறந்தனர். கட்டடத்திலிருந்து உயிருடன் வெளியே கொண்டுவரப்பட்ட சிலர் பிறகு காணாமல் ஆக்கப்பட்டனர். சல்செடோ அந்த இரண்டு நாட்களையும் நகரில் இருந்து கண்டவர்.

அதைப் பற்றிய படைப்பைச் செய்ய அவருக்குப் பதினேழு வருடங்கள் சென்றன. 2002இல் அதே திகதியில், அதே இடத்தில் புதிதாகக் கட்டப்பட்டிருந்த நீதி மாளிகையின் கூரையிலிருந்து மரக்கதிரைகள் ஒவ்வொன்றாகச் சுவர் வழியே மெல்ல இறக்கப்பட்டன. 53 மணித்தியாலங்கள் அது நடந்தது. உரை நிகழ்த்தப்படவில்லை, பதாகை கட்டப்படவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் நின்றார்கள்.

அடுத்த வருடம் இஸ்தான்புல் இருபதாண்டு விழாக்களைப் போலன்றி இரண்டாண்டுக்கொருமுறை நடக்கும் கலைவிழாவில், இரு கட்டடங்களுக்கு நடுவே இருந்த வெற்றுக் காணியை ஏறத்தாழ 1,550 கதிரைகளால் நிரப்பினார். கதிரை அவருக்கு ஓர் ஆளின் இடம். ஆள் இல்லை, கதிரை இருக்கிறது.

அவர் வேலை செய்யும் முறை கலைக்கூடத்துக்குள் தொடங்குவதில்லை. மோதல் நடந்த பிரதேசங்களுக்குப் போய், உறவுகளை இழந்தவர்களுடன் நீண்ட காலம் பேசுகிறார். 1990களில் செய்த 'அட்ராபிலியாரியோஸ்' வரிசைக்குக் காணாமல் ஆக்கப்பட்டவர்களின், பெரும்பாலும் பெண்களின், சப்பாத்துகளைக் குடும்பத்தினரிடமிருந்து பெற்றார். சுவரில் சிறு மாடங்கள் வெட்டி அவற்றை உள்ளே வைத்து, முன்புறத்தை விலங்குச் சவ்வால் மூடி, சத்திரசிகிச்சை நூலால் தைத்தார். சவ்வினூடாகச் சப்பாத்து மங்கலாகத் தெரியும். தெளிவாகத் தெரியாது, மறையவும் மாட்டாது. பிள்ளையின் சட்டையை மடித்து அலுமாரியில் வைத்திருக்கும் தாய்மாரை அறிந்த நம் வாசகருக்கு இந்த மங்கல் எதைச் சொல்கிறது என்று விளக்கவேண்டியதில்லை. கொலம்பியாவின் உண்மை ஆணைக்குழு 2022இல் வெளியிட்ட இறுதி அறிக்கை, 1985க்கும் 2016க்கும் இடையில் அங்கே வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையை 121,768 என்கிறது.

வேறு சில படைப்புகளில் வீட்டு அலுமாரிகளையும் கட்டில்களையும் எடுத்துக் கொங்கிறீற்றால் நிரப்பினார். அலுமாரிக் கதவின் ஓரத்தில், உறைந்த கொங்கிறீற்றுக்குள், ஒரு சட்டையின் விளிம்பு தெரியும். இனி அந்த அலுமாரியைத் திறக்க முடியாது.

இவை எதிலும் சடலம் இல்லை, இரத்தம் இல்லை, அழும் முகம் இல்லை. கொல்லப்பட்டவரின் உடலைக் காட்டுவது கொன்றவரின் காரியத்தைத் திரும்பச் செய்வதாகிவிடும் என்ற எச்சரிக்கை அவரிடம் எப்போதும் உண்டு. போர்ப் படங்களால் நிறைந்த ஒரு மொழிச்சூழலில் வாழும் நாம் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். மே மாதம் வந்தால் சமூக ஊடகங்களில் வந்து விழும் படங்களை எத்தனை பேர் முழுதாகப் பார்க்கிறோம்?

விழுந்தவர்கள், சிரித்தவர்கள்

லண்டனில் நடந்ததை மரியாதையாக மட்டும் சொல்லிவிட முடியாது. சனங்கள் திரண்டார்கள். பிளவில் கை விட்டார்கள், குழந்தைகளைத் தாண்டவைத்தார்கள், இரு பக்கமும் கால் வைத்துப் படம் எடுத்தார்கள். திறந்து சில வாரங்களுக்குள் பதினைந்து பேர் தடுக்கியோ கால் சிக்கியோ சிறு காயமடைந்ததாகச் செய்திகள் வந்தன. எச்சரிக்கைப் பலகைகள் இருந்தும் இதுதான் நிலை. பத்திரிகைகளின் கேலிக்கு அளவில்லை.

இதில் ஒரு பகுதி அந்த மண்டபத்தின் குணம். 2000 முதல் வருடத்துக்கு ஒருவர் என்று அங்கே பெரும் படைப்புகள் வைக்கப்பட்டன. லூயிஸ் பூர்ஷ்வா கோபுரங்களும் இராட்சதச் சிலந்தியும் வைத்தார். 2003இல் ஒலாஃபர் எலியாசன் ஒரு செயற்கைச் சூரியனைத் தொங்கவிட, மக்கள் தரையில் படுத்துப் பார்த்தார்கள். சல்செடோவுக்கு முந்தியவர் கார்ஸ்டன் ஹொலர் சறுக்குக் குழாய்களைப் பொருத்தி மாடியிலிருந்து மக்களைச் சறுக்கவிட்டார். அந்த இடத்துக்கு வருபவர் விளையாட்டை எதிர்பார்த்து வருவது இயல்பு. மற்றவர்கள் மண்டபத்தின் உயரத்தை நிரப்பினார்கள், சல்செடோ கீழே பார்க்கவைத்தார்.

இன்னொரு முரணையும் சொல்லவேண்டும். அந்தத் தொடருக்குப் பணம் கொடுத்தது யூனிலீவர், நம் வீடுகளில் சன்லைட்டும் லைஃப்போயும் விற்கும் அதே நிறுவனம். அதன் முன்னோடியான லீவர் சகோதரர்கள் 1911இல் பெல்ஜியக் கொங்கோவில் பெற்ற எண்ணெய்ப்பனைக் காணிகளில் கட்டாய உழைப்பு எப்படிப் பயன்படுத்தப்பட்டது என்று வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். குடியேற்றவாதத்தின் பிளவைப் பற்றிய படைப்பு அந்தப் பணத்தில் எழுந்தது. இது படைப்பைப் பொய்யாக்குகிறது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பெரிய அருங்காட்சியகம் ஒன்று தன்னைக் கண்டிக்கும் கலையையும் அழைத்து, சனம் சேர்த்து, தன் பெருமையாக்கிக்கொள்ளும் வல்லமை உடையது என்பதை மறைத்து எழுதவும் முடியாது.

படைப்பின் மீது நேர்மையான குறை ஒன்று உண்டென்றால் அது தலைப்பில் தங்கியிருப்பதுதான். தலைப்பை வாசிக்காதவருக்கு அது ஒரு வெடிப்பு. வாசித்தவருக்கும் அந்தச் சொல் தெரிந்திருக்கவேண்டும். தெரிந்தவர், தெரியாதவர் என்று வாசலிலேயே ஆள் பிரிகிறது. ஒருவேளை இது குறையே அல்லாமல், படைப்பு தன்னைப் பார்க்க வந்தவரிடம் வைக்கும் பரிசோதனையாகவும் இருக்கலாம். எந்த உச்சரிப்பில் அதைச் சொல்வது என்று தெரியாமல், நுழைவாயிலில் நின்ற பணியாளரிடம் விரலால் காட்டிக் கேட்கவேண்டி வந்த ஒருவருக்கு அந்தப் படைப்பு மற்றவர்களை விட நன்றாக விளங்கியிருக்கும்.

2008 ஏப்ரல் 6ஆம் திகதி கண்காட்சி முடிந்தது. சிற்பமென்றால் பெட்டியில் அடைத்து அனுப்பலாம், இதை என்ன செய்வது? சீமெந்தால் நிரப்பினார்கள். தொடக்கத்திலிருந்தே திட்டம் அதுதான். நிரப்பினாலும் தழும்பு நிற்கும் என்பதும் தெரிந்தே செய்யப்பட்டது. பழைய தரையின் நிறமும் புதுச் சீமெந்தின் நிறமும் ஒன்றாகவில்லை. இன்றும் அந்த மண்டபத்தில் நடப்பவர் தேடினால் கோட்டைக் காணலாம். 2010இல் ஐ வெய்வெய் பத்துக் கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைப் பரப்பியதும் அதே மண்டபத் தரையில்தான்.

மிதிக்கப்படும் ஆயுதங்கள்

'ஷிபோலேத்'துக்குப் பிறகு சல்செடோவின் கண் தரையிலேயே நின்றுவிட்டது எனலாம். 2017இல் மட்ரிட் நகரின் பளிங்கு மாளிகையில் 'பலிம்ப்செஸ்ட்' என்ற படைப்பை வைத்தார். தரை முழுதும் மணல் நிறக் கற்பலகைகள். அவற்றின் மீது, ஐரோப்பாவுக்குப் படகில் வர முயன்று மத்தியதரைக் கடலிலும் அத்திலாந்திக்கிலும் மூழ்கியவர்களின் பெயர்கள். சில பெயர்கள் மணலால் எழுதப்பட்டிருந்தன. சில பெயர்கள் நீராலானவை. கல்லின் நுண்ணிய துளைகளிலிருந்து துளித்துளியாக நீர் கசிந்து, துளிகள் சேர்ந்து எழுத்தாகி, பெயர் முழுமை பெற்றுச் சற்று நேரம் மினுங்கி, பிறகு உள்ளே இழுபட்டு மறையும். கல் அழுவது போல இருக்கும். பார்க்க வந்தவர் பெயர்களை மிதிக்காமல் நடக்கப் பாடுபடவேண்டும்.

அதற்கு அடுத்த வருடம் பொகோட்டாவில் திறக்கப்பட்ட 'ஃப்ரக்மெந்தோஸ்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. கொலம்பிய அரசும் ஃபார்க் இயக்கமும் 2016இல் செய்த சமாதான உடன்பாட்டில், ஒப்படைக்கப்படும் ஆயுதங்களை உருக்கி மூன்று நினைவுச்சின்னங்கள் அமைக்கவேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. ஒன்று நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் சபையில், ஒன்று பேச்சுவார்த்தை நடந்த ஹவானாவில், ஒன்று கொலம்பியாவில். அந்த உடன்பாடு சுலபமாக வந்ததல்ல. அதே வருடம் ஒக்டோபர் 2ஆம் திகதி நடந்த மக்கள் வாக்கெடுப்பில் மயிரிழையில் தோற்றது. தோற்ற சில நாட்களில் சல்செடோ பொகோட்டாவின் பொலிவார் சதுக்கத்தில் தன்னார்வலர்களைத் திரட்டி, ஏறத்தாழ 1,900 பேரின் பெயர்களைச் சாம்பலால் எழுதிய வெண்துணிகளை ஒன்றோடொன்று தைத்துச் சதுக்கத்தையே மூடினார். பின்னர் திருத்தப்பட்ட உடன்பாடு நாடாளுமன்றத்தின் வழியாக நிறைவேறியது.

கொலம்பியாவுக்குரிய சின்னத்தைச் செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தபோது அவர் தூண் எழுப்ப மறுத்தார். நிமிர்ந்து நிற்கும் எதுவும் யாரோ ஒருவரின் வெற்றியைச் சொல்லும், ஆயுதத்துக்கு மகிமை கொடுக்கும் என்பது அவர் நிலைப்பாடு. 37 தொன் ஆயுத உலோகம் உருக்கப்பட்டு 1,296 தரைத் தகடுகளாக வார்க்கப்பட்டது. ஜனாதிபதி மாளிகைக்கு அருகில் இடிந்து கிடந்த ஒரு பழைய வீட்டின் சுவர்களைச் சுற்றிக் கண்ணாடி மண்டபங்கள் எழுப்பப்பட்டு, அவற்றின் தரையில் அந்தத் தகடுகள் பதிக்கப்பட்டன. வருபவர் எல்லோரும் துப்பாக்கிகளை மிதித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

தகடுகள் வழவழப்பானவை அல்ல. பள்ளமும் மேடுமாகக் கசங்கியிருக்கும். அவற்றின் அச்சுகளைச் செய்தவர்கள் போர்க்காலத்தில் பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்கள். கெரில்லாக்களால், துணைப்படைகளால், அரச படைகளால் என்று எல்லாத் தரப்பாலும் பாதிக்கப்பட்டவர்கள் அவர்களில் இருந்தார்கள். உலோகத் தாள்களைச் சுத்தியலால் நாட்கணக்கில் அடித்து வளைத்தார்கள். அந்த அடிகள்தான் இன்று தரையில் இருக்கின்றன. ஆயுதத்தை ஒப்படைத்தவரும் பெற்றுக்கொண்டவரும் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். கையெழுத்திடாத மூன்றாவது தரப்பின் கையடையாளம் தரையில் விழுந்திருக்கிறது.

இலங்கையில் போர் முடிந்ததும் எழுந்தவை ஆனையிறவிலும் கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் நிமிர்ந்து நிற்கும் வெற்றிச் சின்னங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு இடிக்கப்பட்டு, எதிர்ப்பின் பிறகு மீண்டும் கட்டப்பட்டது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்துக்குக் கிடைத்த இடம் வீதியோரக் கொட்டகை. கொலம்பியா நமக்கு முன்மாதிரி என்று சொல்வதற்கில்லை. அங்கே உடன்பாட்டுக்குப் பிறகும் செயற்பாட்டாளர்கள் கொல்லப்படுகிறார்கள். படையினர் பொதுமக்களைக் கொன்று கெரில்லா உடை உடுத்திக் கணக்குக் காட்டிய சம்பவங்களில் 2002க்கும் 2008க்கும் இடையில் மட்டும் 6,402 பேர் கொல்லப்பட்டதாக அந்நாட்டின் சமாதானத்துக்கான விசேட நீதிமன்றம் கணக்கிட்டிருக்கிறது. ஆனால் தன் குற்றத்தின் எண்ணிக்கையைத் தன் சொந்த நீதிமன்றத்தின் வாயால் சொல்லக்கூடிய நாட்டில்தான் அப்படியொரு தரையைப் பதிக்க முடிந்தது என்ற வேறுபாடு முக்கியமானது.

'ஃப்ரக்மெந்தோஸ்' வெறும் தரையாக விடப்படவில்லை. கொலம்பியத் தேசிய அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கும் அந்த இடத்துக்கு மற்றக் கலைஞர்கள் அழைக்கப்பட்டு, போரைப் பற்றிய தங்கள் படைப்புகளை அந்தத் தகடுகளின் மேல் வைக்கிறார்கள். ஃபார்க் இயக்கத்துடனான போர் எத்தனை வருடம் நீடித்ததோ அத்தனை வருடம், 53 வருடங்கள், இது தொடரவேண்டும் என்பது ஏற்பாடு. 2018 டிசம்பரில் கதவு திறந்தது. அந்தக் கணக்கின்படி கடைசிக் கலைஞரின் முறை 2071இல் வரும்.